ஐஸில் வைத்த ஊசி

ஐஸ் கம்பெனி ஆட்களுக்கு ஒரு திமிர் உண்டு. வெயிலில் தார் உருகிச் செருப்பில் ஒட்டும் காலத்தில் ஸ்வெட்டரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? எங்கள் தெருவில் இருக்கும் ஐஸ் கம்பெனி மேஸ்திரிக்கு அந்தத் திமிர் மற்றவர்களைவிட ஒரு பிடி தூக்கல். மீன்காரனும் பூக்காரனும் கல்யாண மண்டபத்துச் சமையல்காரனும் அவரைத் தேடி வந்து நின்றால்தான் அவர்கள் பிழைப்பு நடக்கும். "நான் ஒரு நாள் லீவு போட்டா ஊரு நாறிடும்" என்பார். பொய்யும் இல்லை.

நீள நீளமான தகரக் கேன்களில் தண்ணீர் பிடித்து உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் வரிசையாக இறக்குவார்கள். உப்புத் தண்ணீர் உறையாமல் சுற்றிச் சுற்றி ஓட, கேனுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் ஓரத்திலிருந்து உள்நோக்கி இறுகிக்கொண்டு வரும். பிறகு கேனைத் தூக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் ஆள் உயரக் கட்டி வழுக்கிக்கொண்டு பலகையில் விழும். கொக்கியைப் போட்டு இழுத்துக் குளிர் ரூமில் அடுக்க வேண்டியதுதான். குளிரூட்டும் மெஷினின் அமோனியா நெடி மூக்கில் ஏறி ஏறி மேஸ்திரிக்கு வீட்டுச் சாப்பாட்டின் வாசனையே தெரியாமல் போயிருந்தது. குழம்பில் உப்பு இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த விஷயத்தில் அவர் மனைவி கொடுத்து வைத்தவள்.

அவர் மகள் ரெடிமேட் துணிக் கம்பெனியில் காலர் தைப்பவள். ஒரு வரிசைக்கு ஒரு அட்டை என்பது அங்கே சட்டம். சூப்பர்வைசர் மேசையில் தொங்கும் அந்த அட்டையை எடுத்துக்கொண்டால்தான் பாத்ரூம் போகலாம். ஒருத்தி போய்த் திரும்பும்வரை அடுத்தவள் காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வயிறு கெடத் தொடங்கிய புதிதில் அவள் அட்டையை எடுத்துக்கொண்டே இருந்தாள். வரிசையில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு முறைத்தார்கள், பிறகு அவளுக்கு 'அட்டை' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவள் மதியச் சாப்பாட்டை விட்டாள். அப்புறம் காலைச் சாப்பாட்டையும் விட்டாள். வயிற்றில் ஒன்றும் போடாவிட்டால் ஒன்றும் வராது என்பது அவள் கணக்கு. சாப்பிடாவிட்டாலும் வந்தது. சளியும் ரத்தமுமாக வந்தது.

அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. வீட்டில் யாராவது கேட்டால் "சூடு" என்பாள். அம்மாக்காரி பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்ப்பவள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் தட்டைப் பார்த்தே யாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவாள். தன் வீட்டுத் தட்டைப் பார்க்க அவளுக்கு நேரம் இல்லை. கடைசியில் மகள் மெஷின் மேலேயே மயங்கி விழுந்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு டாக்டரம்மா மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். பெருங்குடல் உள்சுவர் முழுக்கப் புண். தொற்றும் இல்லை, புற்றும் இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தி செய்கிற வேலை.

"எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்குங்களா டாக்டர்?" என்று கேட்டார் மேஸ்திரி. "இவ சரியா சாப்பிடறதே இல்ல."

"கம்மி இல்லங்க. அளவுக்கு மீறிப் போயிடுச்சு. நம்ம எல்லார் குடல்லயும் கோடிக்கணக்குல கிருமி இருக்கு. உடம்பு அதுங்களோட அனுசரிச்சுப் போகும். இவங்களுக்குக் காவல் நிக்கிறவங்க அதுங்களைப் பார்த்துத் திருடன் திருடன்னு விசில் ஊத ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தன் ஊதினா பத்துப் பேர் ஓடி வர்றான். அந்தப் பத்துப் பேரும் ஊதறான். அடி விழறது எங்கன்னா சொந்தச் சுவர்லதான். அதுதான் புண்ணு, அதுதான் ரத்தம்."

"அதுக்கு என்ன மருந்து?"

"இப்போதைக்கு ஸ்டீராய்டு. எல்லாரையும் ஒரே அதட்டல்ல உட்கார வைக்கும். ஆனா ரொம்ப நாள் குடுக்க முடியாது. அதுக்குள்ள அடங்கலேன்னா ஒரு ஊசி இருக்கு. அந்த விசில்கள்ல ஒண்ணை மட்டும் பிடுங்கி வச்சுக்கும்."

"அப்போ எதிர்ப்பு சக்தியக் குறைக்கிற ஊசி."

"ஆமாங்க."

"உண்மையிலயே திருடன் வந்தா?"

டாக்டரம்மா மழுப்பவில்லை. "வர வாய்ப்பு கொஞ்சம் கூடத்தான். அதனாலதான் டிபி இருக்கான்னு முதல்லயே பார்ப்போம். காய்ச்சல் வந்தா தள்ளிப்போடாம ஓடி வரணும். ஆனா இப்படியே விட்டா குடலையே எடுக்க வேண்டி வரும்."

மேஸ்திரி எழுந்து வெளியே போய்விட்டார். காவலைக் குறைப்பதற்கு ஒரு ஆஸ்பத்திரியா என்று அவருக்குத் தாங்கவில்லை. அவருடைய மச்சான் ஒருவன் இருக்கிறான், தெருவில் அவனுக்குப் பொடி மாமா என்று பேர். எதிர்ப்பு சக்திக்கு என்று டப்பா டப்பாவாகப் பொடி விற்பவன். எரிகிற வீட்டில் எண்ணெய் விற்க வருகிற ஜாதி. ஸ்டீராய்டு மாத்திரையால் மகளின் முகம் ஊதிக் கன்னம் பளபளத்தபோது அவன் கூசாமல் வந்து நின்றான்.

"பார்த்தீங்களா அத்தான், நம்ம பொடி வேலை செய்யுது. பிள்ளை எப்படிப் பூசுன மாதிரி ஆயிட்டா!"

"மாமா, அது வீக்கம்" என்றாள் மகள். ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் அவள் கண் சிவந்து கிடந்தது. "உங்க பொடிய நான் தொடவே இல்ல. அம்மா செடிக்குப் போடறா."

"செடி எப்படி இருக்கு?" என்று கேட்டானே தவிர அவன் முகம் சுருங்கவில்லை.

மாத்திரையைக் குறைக்கக் குறைக்க ரத்தம் திரும்பியது. மகள் ஊசிக்குச் சம்மதித்தாள். அப்பா மறித்தார். சாப்பாட்டு நேரமெல்லாம் சண்டை நேரமாயிற்று. குழைய வடித்த சோற்றை அவள் விரலால் தள்ளித் தள்ளி வைக்க, இவர் எதிரே உட்கார்ந்து அதையே ஓதுவார். "வேலியப் பிரிச்சுட்டுப் பயிரக் காப்பாத்தறானாம்." அவள் தட்டை வைத்துவிட்டுப் பாத்ரூமுக்கு ஓடுவாள். பத்து நாளில் அவளைப் படுக்கையோடு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

அறுவை டாக்டர் வந்து, அவள் வயிற்றில் தொப்புளுக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். குடலை எடுத்தால் பை மாட்டுவதற்கான இடம் அது. உட்கார்ந்தால் மடிப்பு விழுகிறதா, பாவாடை நாடா உரசுகிறதா என்று தையல்காரன் அளவெடுப்பதைப் போலப் பார்த்துப் பார்த்துப் போட்டார். மேஸ்திரி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு வேலி, பயிர் என்று அவர் வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலேயே முதல் ஊசியைப் போட்டார்கள், கேட்டது. மந்திரம் மாயம் ஒன்றும் இல்லை, மெல்ல மெல்லத்தான். முதலில் ரத்தம் நின்றது, அப்புறம் வலி. ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள், "இன்னைக்கு நான் அட்டையத் தொடவே இல்லம்மா" என்றாள். அம்மாக்காரி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியை வீட்டிலேயே தொடையில் வைத்து அழுத்திக்கொள்ள நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். பிரிட்ஜில் நடுத்தட்டில் வைக்க வேண்டும், குலுக்கக் கூடாது, மேலே ஐஸ் பெட்டியில் வைக்கவே கூடாது என்றார். அம்மாவும் மகளும் தலையாட்டினார்கள். மேஸ்திரி அப்போது வெளியே நடையில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் வெயில் கொன்றது. ஊசி போட வேண்டிய நாளன்று காலையில், அம்மாவும் மகளும் வேலைக்குப் போன பிறகு, தெருமுனை டிரான்ஸ்பார்மர் டமார் என்று வெடித்தது. மேஸ்திரிக்கு மதிய ஷிப்ட். பனியனோடு வாசலுக்கு வந்தவரிடம், சாயங்காலம்வரை கரண்ட் வராது என்று லைன்மேன் கையை விரித்தான். உள்ளே போய்ப் பிரிட்ஜைத் திறந்து பார்த்தார். பால் பாக்கெட் வியர்த்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஊசி டப்பா.

அந்த நேரத்தில் அவர் பட்ட பதற்றத்தை யாரும் பார்க்கவில்லை, அதுதான் பின்னால் வினையாயிற்று. ஊசியே வேண்டாம் என்று மல்லுக்கு நின்ற மனுஷன், டப்பாவை ஈரத்துண்டில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெயிலில் சைக்கிளை மிதித்தார். வேறு யாராக இருந்தாலும் பக்கத்துத் தெருவில் ஒரு பிரிட்ஜைத் தேடியிருப்பார்கள். இவர் ஐஸ்காரர். குளிர் என்றால் அவருக்கு ஒரே குளிர்தான். குளிர் ரூமுக்குள் போய், இரண்டு கட்டிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்து டப்பாவைச் சொருகி, மேலே ஐஸ் தூளையும் அள்ளிப் போட்டு மூடினார். பிள்ளையைத் தொட்டிலில் போட்ட நிம்மதியோடு வெளியே வந்து டீ குடித்தார்.

அம்மாக்காரி விடுதியிலிருந்து போன் செய்தாள். "ஏங்க, தெருவுல கரண்ட் இல்லையாமே, ஊசி?"

"என்கிட்ட இருக்கு. இங்க கொண்டாந்துட்டேன். ஜம்முனு இருக்கு."

"ஆபீஸ் பிரிட்ஜுலயா?"

கேன் உருளும் சத்தத்தில் அவருக்குக் கேள்வி காதில் விழவில்லை. "கவலைப்படாம வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார்.

ஷிப்ட் நடுவே அனுமதி வாங்கிக்கொண்டு, ஊசி போடும் நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று அவர் டப்பாவை எடுத்தார். டப்பாவின் அட்டை விறைத்திருந்தது. பிரித்து ஊசியை எடுத்தார். உள்ளே மருந்து தெரிவதற்கு ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதற்குள் வெள்ளையாக இருந்தது. சாய்த்தார், அசையவில்லை. இன்னொன்றை எடுத்தார், அதுவும் அப்படியே.

அவர் உள்ளங்கைகள் காய்ப்புக் காய்த்தவை, சூடு சட்டென்று ஏறாது. சட்டையைத் தூக்கி வயிற்றோடு வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை கலங்கியது, பிறகு தெளிந்தது. பழையபடி தண்ணீர் மாதிரி ஆடியது. முதலில் எப்படி இருந்ததோ அச்சு அசல் அப்படியே.

கட்டி இழுக்கிறவன், கொக்கி என்று கூப்பிடுவார்கள், எட்டிப் பார்த்தான். "என்ன மேஸ்திரி, உறைஞ்சிடுச்சா? உருகினா தண்ணிதானே. இதுக்குப் போயி மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கீங்க?"

"ஆமா" என்றார் மேஸ்திரி. ஆனால் கால் நகரவில்லை. பலகையில் அப்போதுதான் இறக்கிய கட்டி கிடந்தது. ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் மட்டும் வெள்ளைத் தண்டு. எவ்வளவு தெளிந்த தண்ணீரை ஊற்றினாலும் அந்த வெள்ளை விழத்தான் செய்யும். ஓரம் இறுக இறுக, தண்ணீரில் கலந்து கிடக்கும் அழுக்கும் காற்றும் உள்ளே உள்ளே ஒதுங்கிக் கடைசியில் நடுவில் ஒன்றாக நெருக்கிக்கொள்ளும். அதை உருக்கினால் அடியில் வண்டல் நிற்கும். வாழ்நாளெல்லாம் பார்த்தது. உறைந்தது உருகினால் பழையபடி ஆகும் என்று மற்றவர்கள் சொல்லலாம், அவரால் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஒன்றும் ஆகியிருக்காது, சொல்லாதே என்றான் ஒருத்தன். சொன்னால் யார் நம்புவார்கள்? இத்தனை நாள் வேண்டாம் வேண்டாம் என்றவன் கையில் மருந்து கெட்டது என்றால் ஊர் என்ன நினைக்கும், பெற்ற மகள் என்ன நினைப்பாள்? இன்னொருத்தனுக்குப் பேச ஒன்றும் இல்லை. அவன் மகள் வயிற்றில் போட்ட அந்தப் பேனா வட்டத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தான்.

மகள் தயாராகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், கரண்ட் இன்னும் வரவில்லை. டப்பாவைக் கை நீட்டி வாங்கினாள். அவர் கொடுத்துவிட்டார். அவள் ஊசியை எடுத்து அதன் சின்னக் கண்ணாடியைப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. பஞ்சால் தொடையைத் துடைத்தாள், மூடியைக் கழற்றினாள். ஊசியைத் தோலில் வைத்து நிமிர்ந்து மூச்சை இழுத்தாள்.

"போடாதம்மா" என்றார் மேஸ்திரி.

அவள் கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. "அம்மா, மறுபடி ஆரம்பிச்சுட்டாரு பாரு."

"போடாத. நான் சொல்றதக் கேளு."

"உன் பேச்சக் கேட்டுத்தான் ஆஸ்பத்திரியில போய்க் கிடந்தேன். இன்னைக்குப் போடற நாள். தள்ளிப்போ."

"அது உறைஞ்சு போச்சும்மா."

அடுக்களையிலிருந்து அம்மாக்காரி கரண்டியோடு ஓடி வந்தாள். "என்னது? ஆபீஸ் பிரிட்ஜுலதானே வச்சீங்க?"

"ஆபீஸ்ல ஏது பிரிட்ஜு? குளிர் ரூம்ல வச்சேன். கட்டிக்கு நடுவுல. நல்லா இருக்கும்னுதான்... கல்லு மாதிரி ஆயிடுச்சு. நான்தான் உருக்கினேன்."

மகள் ஊசியைத் தொடையிலிருந்து எடுத்தாள். அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"வேணும்னே வச்சியா?"

மேஸ்திரி தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"ரெண்டுமேவா?"

"ரெண்டும்."

அம்மாக்காரி நர்ஸுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் நர்ஸ் பதறிவிட்டார். "போட்டுட்டீங்களா?"

"இல்ல சிஸ்டர், போடல. பார்க்க நல்லாத்தான் இருக்கு..."

"பார்க்க அப்படித்தான் இருக்கும். போட்றாதீங்க. திரிஞ்ச பாலு திரும்பப் பாலாகுமா? உறைஞ்சா மருந்து கண்ணுக்குத் தெரியாம கொத்துக் கொத்தா சேர்ந்துக்கும். அதப் போட்டா கேக்கவும் கேக்காது, உடம்பு அந்த மருந்தையே எதிரின்னு பழகினாலும் பழகிடும். அப்புறம் நல்ல ஊசி போட்டாக்கூட வேலை செய்யாம போகலாம். யாரு ஐஸ்ல வச்சது?"

"அத விடுங்க சிஸ்டர், வேற ஊசி கிடைக்குமா?" என்றாள் அம்மாக்காரி.

"சரி. கைவசம் ஸ்டாக் இல்ல, சொல்லி வரவழைக்கணும். நாலஞ்சு நாள் ஆகும். கொஞ்சம் தள்ளிப்போனா உடனே ஒண்ணும் ஆயிடாது, ஆனா ரொம்பத் தள்ளக் கூடாது. ரத்தம் தெரிஞ்சா மறைக்காதீங்க, அன்னைக்கே போன் பண்ணுங்க. மறைக்கிற ஆளு அவங்க, எனக்குத் தெரியும்."

அந்த நாலைந்து நாளை அந்த வீடு எப்படிக் கடந்தது என்று எதிர் வரிசையில் இருந்த எங்களுக்குத் தெரியும். சண்டைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. மகள் அப்பாவோடு பேசவில்லை. அவர் வருகிற பக்கம் பார்ப்பதும் இல்லை. அவள் பாத்ரூமுக்குப் போனால் அம்மா துவைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். வெளியே வந்ததும், "எப்படி இருக்கு?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்று பதில் வரும். பொடி மாமா வந்தான். "எல்லாம் நன்மைக்குத்தான் அத்தான், அந்த ஊசியே ஒரு..." என்று தொடங்கினான். மேஸ்திரி அவன் டப்பாவைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவன் கொஞ்ச நேரம் சாக்கடையைப் பார்த்துவிட்டுப் போனான்.

கம்பெனியிலும் அவர் பழைய மேஸ்திரி இல்லை. கட்டி உடைந்தாலும் யாரையும் திட்டவில்லை. "ஊரு நாறிடும்" என்ற பேச்சும் நின்றுபோயிற்று. கொக்கி என்னிடம் வந்து, "மனுஷன் திட்டாதது பயமா இருக்குங்க" என்றான்.

நாலாம் நாள் காலை. தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரம், குடங்களோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். மேஸ்திரி வாசல்படியில் உட்கார்ந்து வேலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் பாத்ரூமிலிருந்து வந்தாள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல், "எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல" என்றாள் மகள்.

சொல்லிவிட்டு உள்ளே போகவில்லை. வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. மேஸ்திரி பூட்ஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

"அப்பா."

தேய்ப்பது நின்றது.

"ரத்தம் வருதுப்பா. நேத்தே வந்துச்சு. கொஞ்சமாத்தான் இருந்துச்சு, இன்னைக்கு அதிகம்."

"அம்மாகிட்ட..."

"சொல்லல. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. உன்கிட்டதான் சொல்றேன்."

மேஸ்திரி எழுந்தார். ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் ஒன்றுமில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணைச் சுருக்கி நம்பரைத் தேடி அழுத்தினார். கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல். மெல்லப் பேச அவருக்கு வராது, அன்றைக்கு அவர் முயலவும் இல்லை. குழாயடியில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். எதிர்முனையில் யார் பேசுவது என்று கேட்டிருக்க வேண்டும்.

"ஊசிய ஐஸ்ல வச்சுக் கெடுத்தவன் பேசறேன் சிஸ்டர். அவளோட அப்பன். எம்பொண்ணுக்கு ரத்தம் வர ஆரம்பிச்சிடுச்சு. ஊசி வந்தாலும் வராட்டாலும் நாங்க கிளம்பி வர்றோம். வாசல்ல விட மாட்டேன்னு யாராவது சொன்னா, நீங்கதான் வரச் சொன்னீங்கன்னு சொல்லிடுவேன்."